வேலை போன ஊர் வேடம் பூண்ட கதை



பள்ளி விடுமுறை நெருங்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேச்சு எழும். "இந்தத் தடவையாவது எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போங்கப்பா" என்று பிள்ளைகள் தொடங்குவார்கள். அப்பா சம்பள நாளை விரல்விட்டு எண்ணுவார். அம்மா, தூக்குச் சட்டியில் புளிச்சோறு கட்டினால் எத்தனை வேளைக்குக் காணும் என்று கணக்குப் பார்ப்பார். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கேயும் இதே பேச்சுதான். அம்மாநிலத்தின் பெருநகரமான சியாட்டிலில் வாழும் குடும்பங்கள், இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால் நினைக்கும் இடங்களுள் ஒன்று லெவன்வர்த் என்னும் சின்னஞ்சிறு மலையூர். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அவ்வூரில் வாழ்வோர் 2,398 பேர். ஆண்டுதோறும் அங்கு வந்துபோவோரோ இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

இன்று நாமும் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தோடு சேர்ந்து அவ்வூருக்குச் சென்று வருவோம். போகும்போது ஒரு கேள்வியைக் கையோடு எடுத்துக்கொள்வோம். லெவன்வர்த் அமெரிக்காவில் இருக்கிறது. ஆனால் பார்வைக்கு, ஜெர்மனியின் தென்பகுதியாகிய பவேரியாவிலிருந்து ஒரு கிராமத்தைப் பெயர்த்தெடுத்து வந்து வைத்ததுபோல் தோன்றுகிறது. அப்படித் தோன்றச் செய்தவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய மக்களா என்றால், அல்லர். பிறகு ஏன் இந்தத் தோற்றம்?

சியாட்டிலிலிருந்து லெவன்வர்த் ஏறத்தாழ 120 மைல். நெடுஞ்சாலை எண் 2 என்னும் மலைப்பாதையில் காரில் சென்றால் இரண்டரை மணி நேரம் ஆகலாம். விடுமுறை நாள் என்றால் நேரம் கூடும். கேஸ்கேட் மலைத்தொடர் வடக்கும் தெற்குமாகச் சுவர்போல் நிற்கிறது. அதைக் கடக்க 4,061 அடி உயரத்திலுள்ள ஸ்டீவன்ஸ் கணவாய்க்கு ஏறி இறங்க வேண்டும். குளிர்காலத்தில் பனி கனமாகப் பொழியும்போது சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டாமல் மேலே விடமாட்டார்கள். இரயிலும் உண்டு. சியாட்டிலிலிருந்து சிக்காகோவுக்கு ஓடும் நெடுந்தூர இரயில் 2009ஆம் ஆண்டு முதல் லெவன்வர்த்திலும் நின்று போகிறது.

கணவாய்க்கு இந்தப்பக்கம் ஒரு வானிலை, அந்தப்பக்கம் வேறொரு வானிலை. பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமேல் ஏறும்போது குளிர்ந்து, மேற்குப்புறத்திலேயே பெரும்பகுதி மழையையும் பனியையும் கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. ஆகவே மேற்கே பாசி படர்ந்த இருண்ட காடு. கிழக்கே இறங்க இறங்க வெயில், பைன் மரங்கள், கீழே பள்ளத்தாக்கில் ஆப்பிள், பேரிக்காய்த் தோட்டங்கள். சியாட்டில் மக்கள் மழைக்குத் தப்பி வெயில் காயப் போகும் பக்கம் இதுதான்.

இந்த மலைப்பாதைக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. கணவாய்க்கு மேற்கே வெல்லிங்டன் என்று ஓர் இரயில் நிறுத்தம் இருந்தது. 1910ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் அதிகாலையில், பனியால் வழியடைபட்டு அங்கே நின்றிருந்த இரண்டு இரயில்கள் மீது பனிச்சரிவு விழுந்து அவற்றைப் பள்ளத்தில் தள்ளியது. 96 பேர் மாண்டனர். பயணிகளைவிட இரயில்வே தொழிலாளரே அவர்களுள் மிகுதி. அந்தப் பழைய தண்டவாளப் பாதை இன்று நடைபயிலும் பாதையாகக் காட்டுக்குள் கிடக்கிறது.

சரி, ஊருக்குள் போவோம்.

கடைத்தெருவில் இறங்கியவுடன் பிள்ளைகள் வாய்பிளந்து நிற்பார்கள். அகன்று தாழ்ந்த கூரைகள். மரத்தில் பூவேலை செய்த மாடி முகப்புகள். அவற்றிலிருந்து தொங்கும் சிவப்பு ஜெரேனியம் பூத்தொட்டிகள். வெள்ளைச் சுவர்களில் ஆட்டிடையரும் அறுவடையும் வண்ண ஓவியங்களாக. எங்கு நோக்கினும் பவேரியாவின் நீலமும் வெள்ளையுமான கொடி. கடைப்பெயர்கள்கூடப் பழைய ஜெர்மானிய எழுத்தின் சாயலில் எழுதப்பட்டுள்ளன. உணவு பரிமாறும் பெண்கள் டிர்ண்டில் என்னும் மேலங்கி அணிந்திருப்பார்கள்; ஆடவர் தோலால் தைத்த அரைக்கால் சட்டையில் நிற்பார்கள். அக்கார்டியன் வாசிப்பவர் மூலையில் அமர்ந்திருப்பார். ஆண்டு முழுவதும் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்கள் மட்டும் விற்கும் கடை ஒன்று உண்டு. சூலை மாத வெயிலில் அங்கே நுழைந்தால் மணியும் நட்சத்திரமுமாகத் தொங்கும்!

கடைத்தெருவுக்குப் பின்னே மூன்று பக்கமும் உயர்ந்த மலைகள். உண்மையில் பாதி வேலையை இயற்கையே முடித்துவிட்டிருந்தது எனலாம். சமவெளியில் இந்தக் கூரைகளை வைத்திருந்தால் நாடகக் கொட்டகைபோல் இருந்திருக்கும்.

பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் கொட்டை உடைப்பான் அருங்காட்சியகம். 1995இல் திறக்கப்பட்ட அதில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் உள்ளன. நம் பாட்டிமார் மடியில் வைத்திருந்த பாக்குவெட்டிக்குச் சொந்தக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டையைக் கடித்துடைக்கும் மரப்பொம்மைச் சிப்பாய்கள் வரிசை வரிசையாக நிற்கின்றனர். ரோமானியர் காலத்து வெண்கலக் கருவியும் அங்குண்டு. இவ்வளவும் ஒரு தம்பதியர் தம் வாழ்நாளில் சேர்த்த சேகரிப்பிலிருந்து வளர்ந்தது.

காசு செலவில்லாத இன்பங்களும் இருக்கின்றன. பனிக்காலத்தில் கடைத்தெருப் பூங்காவின் சரிவில் பிள்ளைகள் சறுக்குப் பலகையில் அமர்ந்து இறங்கலாம். அட்டைப் பெட்டியிலும் பனைமட்டையிலும் மேட்டிலிருந்து சறுக்கிய நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் வெனாச்சி ஆற்றங்கரைப் பூங்காவில் மரநிழலில் நடக்கலாம். கட்டிவந்த சோற்றைப் பிரித்துப் பசியாறலாம். உணவகத்தில் சாப்பிட நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பவேரியச் சமையலில் பன்றி இறைச்சியும் மாட்டிறைச்சியும் மிகுதி. பிராட்வர்ஸ்ட் என்னும் உருண்ட இறைச்சிக் குழலும், புளிக்கவைத்த முட்டைக்கோசும் அங்கே பெயர்பெற்ற இணை. இவை ஆகாதவர்களுக்கு உப்புத் தூவிச் சுட்ட பிரட்செல் ரொட்டியும் உருளைக்கிழங்கும் இருக்கின்றன.

அக்டோபர் மாதத்தில் பியர்த் திருவிழா நடக்கும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1810இல் ஓர் அரச திருமணத்தை ஒட்டித் தொடங்கிய விழாவின் நகல் அது. கூட்டத்தையும் கூச்சலையும் விரும்பாதவர்கள் அந்த வார இறுதிகளைத் தவிர்ப்பது நல்லது. சம்பள நாள் மாலையில் கள்ளுக்கடைப் பக்கம் பிள்ளைகளைப் போகவிடாமல் காத்த நம் தாய்மார்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

இப்போது, கையோடு எடுத்துவந்த கேள்விக்கு வருவோம்.

நாம் சற்றுமுன் பசியாற அமர்ந்த அந்த ஆற்றங்கரை இருக்கிறதல்லவா, அங்கேதான் ஒரு காலத்தில் பெரிய மரஆலை ஒன்று ஓசையிட்டுக்கொண்டிருந்தது. மலையில் வெட்டிய மரங்களை ஆற்றோடு மிதக்கவிட்டு, கரையோரம் தேக்கிவைத்த ஆலைக்குளத்தில் பிடித்து, அறுத்துப் பலகையாக்கினார்கள். லேம்ப்-டேவிஸ் என்ற நிறுவனத்தார் 1903ஆம் ஆண்டளவில் நிறுவிய அந்த ஆலை, மாநிலத்தின் பெரிய ஆலைகளுள் ஒன்றாக விளங்கியது.

ஆலைக்கும் முன்பே இரயில் வந்துவிட்டது. ஜேம்ஸ் ஹில் என்பவரின் கிரேட் நார்தர்ன் இரயில்வே, 1892இல் இந்தப் பள்ளத்தாக்கை எட்டியது. செங்குத்தான மலை ஏறுமுன் நீராவி இயந்திரங்களுக்குத் தண்ணீரும் நிலக்கரியும் வேண்டும்; பழுது பார்க்க வேண்டும்; கூடுதல் இயந்திரம் பூட்ட வேண்டும். அதற்கு மலையடிவாரத்தில் ஒரு கூடம் தேவைப்பட்டது. அந்தக் கூடம்தான் லெவன்வர்த் என்ற ஊராயிற்று. இரயில்வேயின் வட்டார அலுவலகமும் அங்கேயே அமைந்தது. இயந்திர ஓட்டி, கரி அள்ளுபவர், தண்டவாளக்காரர், ஆலைத் தொழிலாளி, இவர்களுக்குச் சோறு போட்ட கடைக்காரர்: இவர்கள்தாம் அவ்வூர் மக்கள். மலையில் ஒளிந்திருந்த செல்வத்தை வெட்டி வெளியே அனுப்புவது, அனுப்பிய கூலியில் வாழ்வது. நமக்குத் தெரிந்த வாழ்க்கைதான்.

1920களில் இரண்டு கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுப்போயின. இரயில்வே தன் வட்டார அலுவலகத்தைக் கீழேயுள்ள வெனாச்சி நகருக்கு மாற்றியது. மரஆலை 1926இல் மூடப்பட்டது. போதாததற்கு, 1928இல் இரயில்வே தன் பாதையையே வேறொரு பள்ளத்தாக்கு வழியாகத் திருப்பிவிட்டது. மறுஆண்டு மலையைக் குடைந்து ஏறத்தாழ எட்டு மைல் நீளச் சுரங்கப்பாதையும் திறக்கப்பட்டது. இரயில்வேக்கு அது பெரிய முன்னேற்றம். பனிச்சரிவு அபாயம் குறைந்தது, ஏற்றம் குறைந்தது, நேரம் மிச்சமாயிற்று. ஊருக்கோ, வாசலில் வந்து நின்ற இரயில் அதன்பின் வரவில்லை.

இதில் ஒருவரைக் குற்றம் சொல்வது எளிதல்ல என்பதையும் நாம் பார்க்க வேண்டும். வெல்லிங்டனில் 96 உயிர்களைப் பலிகொண்ட மலைப்பாதையைக் கைவிட்டது சரியான முடிவே. ஆனால் ஒரு நிறுவனத்துக்குச் சரியான முடிவு, அதை நம்பி வீடு கட்டிய ஊருக்கு என்ன செய்யும் என்று கேட்பவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. தோட்டம் கைமாறியது, செம்பனை வரப்போகிறது, லயத்தைக் காலி செய்யுங்கள் என்ற சொற்களைக் கேட்ட குடும்பங்களுக்கு இது புரியும்.

அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக லெவன்வர்த் மெல்ல மெல்ல மெலிந்தது. கடைகள் பூட்டப்பட்டன. பலகை அடித்த சன்னல்கள் பெருகின. படித்த பிள்ளைகள் வேலை தேடிக் கீழே இறங்கினர், திரும்பவில்லை. நெடுஞ்சாலையில் கார்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. நிறுத்துவதற்கு ஒரு காரணம் இல்லை.

1962இல் ஊர் மக்கள் கூடிப் பேசத் தொடங்கினார்கள். இதில் ஊர்ப் பெண்கள் மன்றத்தினர் முன்நின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சமுதாய வளர்ச்சிப் பிரிவு துணைக்கு வந்தது. அத்திட்டத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர், அனைவருக்குமான லெவன்வர்த் முன்னேற்றம் என்று பொருள்படும். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'லைஃப்', அதாவது உயிர் என்றாகும். குழு குழுவாகப் பிரிந்து, நம்மிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பட்டியல் போட்டார்கள். இருந்தவை மலையும் ஆறும் பனியும் நெடுஞ்சாலையும்தாம். 1964இல் இலையுதிர்கால விழா ஒன்றைத் தொடங்கினர். மரங்கள் பொன்னிறமும் செந்நிறமுமாக மாறும் காலத்தில் வெளியூர் மக்களை அழைப்பதற்கான விழா அது. இன்றும் நடந்து வருகிறது.

பவேரியா என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஊருக்கு மேற்கே, நெடுஞ்சாலையோரம் கோல்ஸ் கார்னர் என்னுமிடத்தில், டெட் பிரைஸ், பாப் ரோஜர்ஸ் என்ற இருவர் 1960இல் ஒரு சிற்றுண்டிக் கடையை வாங்கி நடத்தி வந்தனர். 'அணில் மரம்' என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர். மலைநாட்டுப் பாணியில் கடையை மாற்றியமைத்தால் பயணிகள் நிற்பார்கள் என்று கண்டவர்கள் அவர்கள். கலிஃபோர்னியாவில் சோல்வாங் என்றோர் ஊர் உண்டு. 1911இல் டேனிஷ் மக்கள் நிறுவிய அவ்வூர், டென்மார்க்குப் பாணிக் கட்டடங்களால் பயணிகளை ஈர்த்து வந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து, லெவன்வர்த் முழுவதையும் பவேரிய மலைக்கிராமமாக மாற்றலாம் என்று எடுத்துரைத்தனர்.

எதிர்ப்பு இல்லாமலா போகும்? சோல்வாங்கில் உண்மையிலேயே டேனிஷ் மக்கள் இருந்தார்கள். இங்கே ஜெர்மனிக்கும் ஊருக்கும் என்ன உறவு? அதுவும் இரண்டாம் உலகப்போர் முடிந்து இருபது ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. போரில் ஜெர்மனியை எதிர்த்து நின்ற தலைமுறைதான் கடைகளை நடத்திக்கொண்டிருந்தது. அவர்களுள் சிலருக்கு இந்த யோசனை எப்படி இனித்திருக்கும்? மேலும், கடன் வாங்கி முகப்பை மாற்றியபின் பயணிகள் வராவிட்டால் கடனை யார் கட்டுவது?

1965இல் லவெர்ன் பீட்டர்சன் என்ற அம்மையார், தம்முடைய சிக்கமின் விடுதியைப் பவேரியப் பாணியில் மாற்றி, ஆல்ப்ஸ் மலைப் பூவொன்றின் பெயரால் 'எடல்வைஸ்' என்று அழைத்தார். பின்னர் வேறு சில கட்டடக்காரர்களும் இணைந்தனர். அரசு மானியம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சொந்தச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டார்கள். பழைய செங்கற்கட்டடங்களை இடிக்கவும் இல்லை. அவற்றின் முகத்தில் மரவேலையும் சாந்தும் ஓவியமும் சேர்த்தார்கள். இன்றும் பின்சந்துகளில் சென்று பார்த்தால் சில கட்டடங்களில் அந்த இரயில் காலத்துச் சுவர் தெரியும். நாம் போகும் குடும்பத்துக்கு ஒரு யோசனை சொல்வோம்: முன்பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டபின் பிள்ளைகளைப் பின்பக்கமும் அழைத்துச் சென்று காட்டுங்கள்.

ஒரு முதலாளி வெற்றிடத்தில் கட்டிய கேளிக்கைக் கிராமங்கள் உலகில் பல உண்டு. பகாங் மாநிலத்தில் புக்கிட் திங்கி மலையில் பிரெஞ்சுக் கிராமம்போல் ஒன்றைக் கட்டியிருப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கலாம். லெவன்வர்த் அப்படிப்பட்டதன்று. ஏற்கனவே மக்கள் வாழ்ந்த ஊர், வாழ்வதற்காகவே உடையை மாற்றிக்கொண்டது.

மாற்றிய உடையைக் கழற்றவும் முடியாது. கடைத்தெருவில் புதுக்கட்டடம் கட்டுவோரும் பலகை மாட்டுவோரும் பவேரியப் பாணிக்கு ஒத்துப்போக வேண்டும் என்று நகராட்சி விதி வைத்திருக்கிறது. வரைபடத்தைச் சோதித்து ஒப்புதல் தர ஒரு குழுவே உண்டு. உலகமெங்கும் ஒரே முகத்தோடு கடை திறக்கும் மெக்டோனல்ட்ஸ், ஸ்டார்பக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களும் இங்கே மரச்சட்டமும் பூவேலையுமாகத்தான் நிற்கின்றன. சிறிய ஊர் ஒன்று பெரிய நிறுவனத்தை அதன் சட்டையை மாற்றச் சொல்லி, அது மாற்றிக்கொள்வதைப் பார்க்க நமக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

வேடம் என்றாலே பொய் என்று ஒதுக்கத் தேவையில்லை என்பது நம் கருத்து. தெருக்கூத்தில் கிரீடம் வைத்தவர் அரசர் அல்லர் என்று பார்ப்போருக்கும் தெரியும். வேடம் கட்டியவர் அதை முறையாகக் கட்டினாரா என்பதைத்தான் பார்ப்பார்கள். லெவன்வர்த் மக்களும் அரைகுறையாகச் செய்யவில்லை. மே மாதத்தில் பூமாலை சுற்றிய கம்பத்தை நட்டு ஆடுகிறார்கள். இரண்டு ஆள் நீளமுள்ள அல்ப்ஹார்ன் என்னும் மரக்கொம்பை ஊதப் பழகியிருக்கிறார்கள். கோடைக்காலத்தில் மலைச்சரிவுத் திறந்தவெளி அரங்கில் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறார்கள். கதை ஆஸ்திரியாவில் நடப்பது என்று குறை சொன்னால், மலை ஒன்றுதானே என்று சிரிப்பார்கள்போலும்!

ஆனால் ஒரு வேடம் மற்றொன்றை மறைத்துவிடும் என்பதை இவ்விடத்தில் சொல்லத்தான் வேண்டும். இரயிலுக்கும் ஆலைக்கும் முன்பு இங்கே யாருமே இல்லையா? இருந்தார்கள். வெனாச்சி ஆறும் ஐசிக்கிள் ஓடையும் கூடும் இந்த இடம், வெனாச்சி என்னும் பழங்குடி மக்களின் பெயர்பெற்ற மீன்துறை. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் எதிர்நீச்சலிட்டு முட்டையிட வரும் சால்மன் மீனை அவர்கள் இங்கே பிடித்து உலர்த்தினார்கள். 'ஐசிக்கிள்' என்றால் ஆங்கிலத்தில் பனிக்கூர் என்று பொருள். குளிர்நாட்டுக்குப் பொருத்தமான பெயர் என்று நினைப்போம். உண்மையில் அது குறுகிய பள்ளத்தாக்கு என்று பொருள்படும் பழங்குடிச் சொல்லை வெள்ளையர் காது அப்படிக் கேட்டதால் வந்த பெயர்.

1855இல் அமெரிக்க அரசு செய்துகொண்ட உடன்படிக்கையில், இந்த மீன்துறையைச் சூழ்ந்து நிலம் ஒதுக்கித் தருவதாக எழுதப்பட்டது. அந்த நிலம் அவர்கள் கைக்கு வரவேயில்லை. மக்கள் பலர் காலப்போக்கில் வடக்கேயுள்ள கொல்வில் ஒதுக்கிடத்துக்குப் பெயர்ந்தனர். நெடுங்காலம் வழக்காடியபின், 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுடைய மீன்பிடி உரிமையை உறுதிப்படுத்தியது. ஊருக்குத் தெற்கே ஐசிக்கிள் ஓடைக்கரையில் மீன்குஞ்சு வளர்க்கும் அரசு நிலையம் ஒன்று இருக்கிறது. கொலம்பியா ஆற்றின் குறுக்கே கிராண்ட் கூலி அணை கட்டப்பட்டு மீன்களின் வழி அடைபட்டதால், அதற்கு ஈடாக 1940ஆம் ஆண்டளவில் ஏற்படுத்தியது. இலையுதிர்காலத்தில் அங்கே மீன் பற்றிய விழாவும் நடந்ததுண்டு. குடும்பத்தோடு செல்வோர் கடைத்தெருவோடு நின்றுவிடாமல் அங்கும் சென்று வருவது நல்லது. நடந்து பார்க்கக் காசும் வாங்குவதில்லை.

இனி, இன்றைய நிலை. ஊர் பிழைத்துக்கொண்டது. பூட்டிக் கிடந்த கடைகளில் இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. குளிர்காலத்தில் ஊரெங்கும் ஏற்றப்படும் விளக்குகள் ஐந்து லட்சம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சாலை கொள்ளாத அளவுக்குக் கார்கள் வருகின்றன. கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் கழிந்துவிடும் என்று வந்தவர்கள் அலுத்துக்கொள்வதும் உண்டு.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருக்கிறது. அழகான ஊர் என்றதும் வெளியூர்ச் செல்வர்கள் ஓய்வு வீடுகளை வாங்கினார்கள். வீட்டைக் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிடப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதில் வருமானம் அதிகம். வீட்டு விலையும் வாடகையும் ஏறின. விடுதியில் படுக்கை விரிப்பவர், சமையற்கட்டில் பாத்திரம் தேய்ப்பவர், டிர்ண்டில் அணிந்து பரிமாறுபவர், இவர்களுடைய கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. ஆகவே ஊரில் வேலை செய்வோர் பலர் ஊரில் வாழ முடிவதில்லை. இருபது மைலுக்கு அப்பாலுள்ள வெனாச்சியிலும் இடையிலுள்ள சிற்றூர்களிலும் தங்கி நாள்தோறும் வந்துபோகிறார்கள். பள்ளத்தாக்கின் பழத்தோட்டங்களில் வேலை செய்வோருள் மெக்சிக்கோவிலிருந்து வந்த குடும்பங்கள் மிகுதி. அவர்களுக்கும் இதே வீட்டுச் சிக்கல்தான். குடியிருப்புப் பகுதிகளில் நாள் வாடகை வீடுகளைக் கட்டுப்படுத்த நகராட்சி விதி வைத்திருக்கிறது. மாவட்ட நிர்வாகமும் 2021இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இது போதுமா என்றால், போதாது என்றே நமக்குத் தோன்றுகிறது. ஊரைக் காப்பாற்றவே வேடம் கட்டினார்கள். ஊர் என்பது அதில் குடியிருக்கும் மனிதர்கள்தாமே?

மற்றோர் அச்சமும் இருக்கிறது. முன்பு ஓர் இரயிலையும் ஓர் ஆலையையும் நம்பியிருந்தவர்கள், இன்று வெளியூர்க்காரரின் விடுமுறையை நம்பியிருக்கிறார்கள். 1994ஆம் ஆண்டுக் கோடையில் காட்டுத் தீ மலையிறங்கி ஊரை நெருங்கியபோதும், 2020இல் கொரோனா நோய் பரவிப் பயணங்கள் நின்றபோதும், அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதைக் கண்டார்கள். அப்படியானால் 1962இல் அவர்கள் வேறென்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டால், அதற்கும் எளிதான விடை இல்லை. கையில் இருந்தவை மலையும் ஆறும் பனியும் ஒரு சாலையும்தானே.

நாம் அழைத்துவந்த குடும்பம் புறப்படும் நேரம் வந்துவிட்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு மரச்சிப்பாய் பொம்மை கேட்டு, விலையைப் பார்த்தபின் இருவருக்குமாக ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். விளக்குகள் ஏற்றப்பட்டுவிட்டன. கார் மேற்கே கணவாயை நோக்கித் திரும்புகிறது. அதே நேரத்தில் கடைத்தெருவின் மறுமுனையில், வேலை முடித்த பெண்கள் தோலாடையையும் பூப்போட்ட மேலங்கியையும் மாற்றிவிட்டுச் சாதாரணக் கம்பளிச் சட்டையோடு, கிழக்கே வெனாச்சிக்குப் போகும் பேருந்துக்காக நிற்கிறார்கள்.